மாப்பிள்ளைக்குச் சின்னத் துப்பாக்கி போதும்

அன்புள்ள மாப்பிள்ளை டெரக் அவர்களுக்கு, வட விஸ்கான்சினிலிருந்து மாமனார் மெர்வின் லுண்ட் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உங்கள் அத்தை ஆர்லீனும் நாயும் நலம். உங்கள் நலத்தை என் மகள் கிறிஸ்டா நேற்றே போனில் சொல்லிவிட்டதால் அதை மறுபடி விசாரிக்கவில்லை.

இந்த வருஷ மான் சீசனுக்கு எங்கள் வேட்டைக் குடிலுக்கு முதல் தடவையாக வருகிறீர்கள். எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். துப்பாக்கி விஷயத்தில் இந்தப் பக்கத்தில் என் யோசனை கிடைக்காதவன் கிடையாது. கேட்காதவன் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன் அடுப்படியில் இருக்கிறது, அடுப்படியில் உங்கள் அத்தை இருக்கிறாள்.

நேரே கடைக்குப் போய் 'இருநூற்று நாற்பத்து மூன்று' என்று கேளுங்கள். அது தோட்டாவின் அளவு, கடைக்காரருக்குப் புரியும். கைக்கு அடக்கமான துப்பாக்கி. சுட்டால் தோளில் கன்றுக்குட்டி முட்டின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தோட்டாவை, முனையில் ஈயம் தெரிகிற மெத்தென்ற ரகமாக, அந்த அளவில் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். உடம்பில் பட்டதும் முனை விரிய வேண்டும், மான் அதிகம் துன்பப்படாமல் விழ வேண்டும். எங்கள் ஊர் மானுக்கு இது தாராளம். 'பொம்பளைங்க துப்பாக்கி' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்லிக்கொண்டு திரிபவன் நான்தான்.

பிறகு ஏன் இதையே சிபாரிசு செய்கிறீர் என்பீர்கள். சொல்கிறேன். என்னிடம் இருப்பது 'முந்நூறு மேக்னம்', அலாஸ்காக்காரர்கள் கரடிக்குத் தூக்குவது. அதில் குறையே கிடையாது. வாங்கின வருஷம், மலிவாகக் கிடைத்த இலேசான தோட்டாவில் குறி சரிபார்த்துவிட்டு, சீசனன்று கனமான தோட்டாவைப் போட்டுக்கொண்டு போனேன், பெரியதுதானே நல்லது என்று. குண்டு மானின் வயிற்றுக்குக் கீழே பாய்ந்து பனியைக் கிளப்பியது, மான் பனியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அப்புறம்தான் கிளம்பியது, அவசரமே இல்லாமல். (ஒரு ரகத்தில் குறி பார்த்தால் அதே ரகத்தில்தான் சுட வேண்டும், குறித்துக்கொள்ளுங்கள்.) அடுத்த வருஷம் அவசரத்தில் மேஜைமேலிருந்து உங்கள் அத்தையின் தம்பி எல்ராயின் தோட்டாப் பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன், மரத்தில் கட்டின என் பரணுக்கு நேர் கீழே ஒரு கொம்பு மான் வந்து நின்று காதைச் சொறிந்துகொண்டிருக்க, நான் அளவு சேராத தோட்டாக்களை ஒவ்வொன்றாக முறைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் துப்பாக்கியும் சரி, தோட்டாவும் சரி, மானும் அருமையான மான், ஆனால் விழுந்தது ஒரு பைன் கிளை. நல்ல மொத்தமான கிளைதான்.

எங்கள் குடிலின் வழக்கத்தைக் கிறிஸ்டா சொல்லியிருப்பாள். சுட்டுத் தவறவிட்டவன் சட்டையின் பின்வாலைக் கத்தரித்துப் பேரெழுதிச் சுவரில் ஆணியடிப்பார்கள். அந்தச் சுவரில் இப்போது என் துணிதான் அதிகம். சுடாமலே வந்த வருஷத்துக்கும் எல்ராய் விடவில்லை. "தோட்டா இல்லாம வேட்டைக்குப் போற ஆளுக்குச் சட்டை மட்டும் முழுசா எதுக்கு மச்சான்?" என்று கத்தரிக்கோலோடு வந்துவிட்டான். இது போதாதென்று எல்லாரும் கை தூக்கி முடிவெடுத்துவிட்டார்கள்: இந்த வருஷமும் தவறவிட்டால் என் பரண் எல்ராய்க்கு; எனக்கு இனிமேல் நிரந்தரமாகச் சமையல் வேலை. மாப்பிள்ளை, சதுப்புக்காட்டோரம் இருக்கும் அந்தப் பரணில் உட்கார்ந்து விடிவதைப் பார்க்கத்தான் மீதி வருஷம் முழுக்க உயிரோடிருக்கிறேன். அதை எல்ராய்க்குக் கொடுத்துவிட்டு நான் பீன்ஸ் கிண்டுவதா?

போன ஞாயிறு கோயில் முடிந்து எல்லாரும் சரளைக் குழிக்குக் குறி பார்க்கப் போனோம். எல்ராய் என் துப்பாக்கியை வாங்கி, "நானே போட்டுத் தர்றேன் மச்சான், சுடுங்க" என்று நீட்டினான். மூச்சை அடக்கிக் குறி வைத்து இழுத்தேன். டிக் என்றது. உள்ளே தோட்டாவே போடவில்லை படுபாவி. ஆனால் குழல் தரையைப் பார்த்துக் குனிந்துவிட்டது, என் கண் இறுக மூடியிருந்தது, தோள் காதுவரை ஏறியிருந்தது.

"துப்பாக்கி வெடிக்கவே இல்ல மச்சான், நீங்க மட்டும் வெடிச்சிட்டீங்க!" என்றான்.

போதகர்கூடச் சிரித்தார். இது பயமில்லை, மாப்பிள்ளை. என் தோளுக்கு ஞாபகசக்தி அதிகம், அவ்வளவுதான்.

ஆகவே என் திட்டம். நீங்கள் சின்னதை வாங்கி, குறி சரிபார்த்து, அதே தோட்டாப் பெட்டியோடு வாருங்கள். சீசனன்று குடிலிலிருந்து கிளம்பும்போது என் தோளில் மேக்னம், உங்கள் தோளில் சின்னது. காட்டுக்குள் வளைவு திரும்பியதும் மாற்றிக்கொள்கிறோம். மான் விழுகிறது, திரும்பும்போது மறுபடி மாற்றிக்கொள்கிறோம். யாருக்கும் தெரியாது. இதில் தவறு நடக்க வழியே இல்லை.

மானுக்கு உங்கள் வாடை போகாதபடி காற்று எப்போதும் உங்கள் முகத்துக்கு எதிரே வீசவும், கால் விரல் மரத்துப்போகாதிருக்கவும், கிறிஸ்டாவோடு நீடூழி வாழவும் ஆசீர்வதிக்கும் மாமா,
மெர்வின் லுண்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டாள். படித்துச் சிரித்து, கிறிஸ்டாவைக் கூப்பிட்டு, "உங்கப்பா சொல்ற சின்னத வாங்கச் சொல்லுடி" என்றாள். கிறிஸ்டா பேசியது எனக்கும் கேட்டது.

"அம்மா, அவர் பதிலுக்குக்கூடக் காத்திருக்கல, வாங்கியாச்சு. அப்பாவோட அதே மேக்னம். எல்ராய் மாமாகூட சின்னது போதும்னுதான் சொன்னாரு. இவரு, 'மாமா எத வச்சிருக்காரோ அதான் எனக்கும்'னு கடையில ஒத்தக் கால்ல நின்னாரு. ஒரே தடவ சுட்டாரு, தோளு கன்னிப்போய்க் கெடக்கு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதேங்கறாரு."

மாப்பிள்ளை, முதலில் தோளுக்கு ஐஸ் வையுங்கள். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது. மேலே எழுதிய திட்டத்தை மறந்துவிடுங்கள். அந்தப் பீரங்கியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதை வாங்குங்கள். எனக்கும் ஒன்று வாங்க, கடை மூடுமுன் போகலாமென்று அத்தை காரைக் கிளப்பிவிட்டாள். வளைவும் வேண்டாம், மாற்றலும் வேண்டாம். எல்ராய் பார்க்கப் பார்க்க, அந்தப் பொம்பளைத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு குடில் வாசலிலிருந்து நானே முதலில் நடக்கிறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். என் பின்னால் நீங்கள் வருகிறீர்கள்.