படகுத்துறையில் ஒரு ஆள் குறைஞ்ச கதை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வெயில்பட்டு உரிந்த மூக்கும் நலம். அங்கு தங்கள் நலனையும், தங்கள் இடது முழங்காலின் நலனையும் அறிய ஆவல்.

போன்ல கேட்டா நான் 'ம்' மட்டும்தான் சொல்றேன், அதனால போயிட்டு வந்ததை ஒண்ணுவிடாம எழுதி அனுப்பணும்னு உத்தரவு போட்டீங்க. உங்க பொண்ணு போய் ஏழு மாசம் ஆகியும், நான் ஒருத்தர்கிட்டகூட அதை வாய்விட்டுச் சொல்லலைங்கிறதுதான் உங்க கவலை. 'அவ வாங்கி வெச்ச ரெண்டு டிக்கெட்டும் மேசை டிராயர்ல கிடக்கு, நீயாவது போய் கடலைப் பாரு, நாலு பேர்கிட்ட பேசு'ன்னீங்க. பேசினேன் மாமா. அதான் வினையே.

காலையில ஏழரைக்கு பஸ். கைடு அம்மா ஒரு சிவப்புக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னாங்க. பட்டியல்ல இருபத்திநாலு பேர். "உங்க பேர்ல ரெண்டு சீட் இருக்கே சார், இன்னொருத்தர் எங்க?"ன்னாங்க. நான், "பின்னாடி வர்றா"ன்னுட்டேன். வேணும்னு சொல்லல மாமா. செருப்பு வாரை மாட்டி, பூட்டின பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டு வர்றவளைக் கட்டிக்கிட்டவன், ஆறு வருஷமா இந்தக் கேள்விக்கு வேற பதில் சொன்னதில்ல. வாய் தானா சொல்லிடுச்சு. பஸ் பத்து நிமிஷம் நின்னுச்சு. டிரைவர் ஹாரனை அழுத்தினதுல பக்கத்து மரத்துல இருந்த காக்கா எல்லாம் ஊரைக் காலி பண்ணிடுச்சு. நான் பதறிப்போய், "நீங்க எடுங்க, அவளே வந்து சேர்ந்துக்குவா"ன்னு அதுக்கு மேல ஒண்ணை அடுக்கினேன்.

கலங்கரை விளக்கத்துல ஏறி இறங்கினதும் கைடு அம்மா, "வீட்டுக்காரம்மா வந்தாச்சா?"ன்னாங்க. நான் அப்போ அந்த லிஃப்ட் போடுற சத்தத்தைக் கேட்டு, எந்த பேரிங் போச்சுன்னு யோசிச்சிட்டிருந்தேன். 'ம்'னு சொல்லியிருக்கேன். உங்ககிட்ட சொல்ற அதே 'ம்'தான். அவங்க பட்டியல்ல டிக் அடிச்சுட்டாங்க.

லிஃப்ட்ல ஆள் கூடினா கதவை மூட விடாத கருவி இருக்கில்ல, அதைச் சரிபார்க்கிறதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் ஒரு பஸ்ஸோட கணக்கையே கவுத்தேன்.

படகுத்துறைக்குப் போனோம். எதிர்ல குட்டித்தீவு. லைஃப் ஜாக்கெட் கொடுத்து எண்ணினா இருபத்திமூணு. படகுக்காரர், "இருபத்திநாலுன்னு எழுதியிருக்கு, ஆள் சரியா இல்லாம கயித்தை அவுக்க மாட்டேன்"னு உட்கார்ந்துட்டார். கைடு அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போச்சு. "ஐயோ, தண்ணிப் பக்கம் போயிட்டாங்களா? சார், எப்படி இருப்பாங்க, சொல்லுங்க!" நான் சொன்னேன் மாமா. குள்ளம், மஞ்சள் துப்பட்டா, நடந்தா செருப்பு டப்டப்னு கேக்கும். எல்லாமே நிஜம். ஒலிபெருக்கியில அலறினாங்க. கழிப்பறை, டீக்கடை, பாறை இடுக்குன்னு முக்கால் மணி நேரம் இருபத்திரண்டு பேரும் உங்க பொண்ணைத் தேடினாங்க. நானும் தேடினேன். ஏன்னு கேக்காதீங்க.

கடைசியில எங்க பஸ்ல வந்த, பெரிய வைக்கோல் தொப்பி போட்ட ஒரு அம்மா, மஞ்சள் துப்பட்டாவோட ஒரு பெண்ணைக் கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்து, "இந்தாப்பா உன் பொண்டாட்டி! கூப்பிடக் கூப்பிட ஐஸ்கிரீம் தின்னுட்டிருக்கா!"ன்னாங்க. பின்னாடியே அந்தப் பொண்ணோட புருஷன், ரெண்டு கையிலயும் கோன் ஐஸ். "யார்றா நீ?"ன்னான்.

அப்பதான் சொன்னேன். "இவங்க இல்லைங்க. என் மனைவி செத்துப் போயிட்டா. ஏழு மாசம் ஆச்சு."

அந்தப் புருஷன் என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு ஐஸ்கிரீமை என் கையில கொடுத்தான். படகுக்காரர் மட்டும், "அப்ப இருபத்திமூணுதானே சார்? இதை முதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் போயிட்டு வந்திருக்கலாம். இப்ப அலை ஏறிடுச்சு, படகு கிடையாது"ன்னு ஜாக்கெட்டைத் திருப்பிக் கேட்டார். மாமா, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்க முடியல. ஐஸ்கிரீம் முழங்கை வரைக்கும் வழியுது, கண்ணுலயும் வழியுது, நான் சிரிக்கிறேன்.

எல்லாருக்கும் என்னைத் திட்ட ஆசை, ஆனா வாய் வரல. தொப்பிக்காரம்மா மட்டும் திட்டினாங்க. "படுபாவி, பசிச்சு வருவாளேன்னு என் ஆரஞ்சுல பாதியை எடுத்து வெச்சேனேடா!" அப்புறம் அந்தப் பாதியை என்கிட்டயே நீட்டி, "தின்னு"ன்னாங்க. திரும்பி வர்ற வழியெல்லாம் அந்தக் காலி சீட்டுல வந்து உட்கார்ந்து, அவ எப்படி இருப்பா, என்ன பேசுவான்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. பூட்டு இழுக்கிற கதை வரைக்கும் சொன்னேன்.

ஆகவே மாமா, பட்டது போதும். இனி என்னை எந்த ஊரையும் சுத்திப் பார்க்க அனுப்ப வேண்டாம். கடலை நான் படத்துல பார்த்துக்கிறேன். தங்கள் ஆசியும், தங்கள் முழங்காலுக்குத் தைலமும் என்றும் குறையாதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பேச்சைக் கேட்டு மூக்கு உரிந்த மருமகன்

பி.கு: தீவு பார்க்காதவங்க வர்ற ஞாயித்துக்கிழமை அதே டிக்கெட்ல வரலாம்னு கைடு அம்மா சொன்னாங்க. அவ டிக்கெட்டும் செல்லுமாம். ரெண்டு பேர்னு சொல்லிட்டேன். முழங்கால் உறையை எடுத்துக்கிட்டு சனிக்கிழமையே வந்துடுங்க. கைடு அம்மா கேட்டா, 'பின்னாடி வர்றார்'னுதான் சொல்லப்போறேன். இந்தத் தடவையாவது அது நிஜமா இருக்கட்டும் மாமா.