தொகுத்தறிதலில் ஒரு மாடு

"n = k எனும்போது உண்மை எனக் கொள்வோம்" என்று புனிதா மேடம் உரக்கப் படித்தார். "நாலு மணிக்கு மாட்டை மாத்திக் கட்டணும். ஆகவே n = k+1 எனும்போதும் உண்மை."

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. அடுத்த நோட்டைப் பிரித்தார்.

"நாலு மணிக்கு மாட்டை மாத்திக் கட்டணும்."

அடுத்த நோட்டு.

"நாலு மணிக்கு மாட்டை மாத்திக் கட்டணும்."

ஐந்தாவது நோட்டில் சிரிப்பு நின்றது. அவரவர் தம் நோட்டை நினைத்துக்கொண்டார்கள்.

விழுப்புரத்தில் அந்தக் கல்லூரியின் கணித முதலாண்டில் நாற்பத்திரண்டு பேர். பயிற்சித்தாளில் முப்பது கணக்குகள். கணங்கள், தொகுத்தறிதல், கலப்பெண்கள், தலா பத்து. பதினேழாவது கணக்கில் நாற்பத்திரண்டு நோட்டிலும் அதே மாடு நின்றது.

"இத்தனை வருஷமா இந்த நோட்டையெல்லாம் யாரும் படிச்சதே இல்லையா?" என்றார் மேடம். போன மாதம்தான் அவர் இந்தக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்திருந்தார். முன்பு இருந்தவர் நோட்டின் எடையைப் பார்த்து மார்க் போடுவார்.

"கிளாஸ் ரெப் யாரு?"

ஜீவகன் எழுந்தான்.

"இந்தக் கணக்கை முதல்ல சொந்தமா போட்டது யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். தெரிஞ்சா மத்தவங்களுக்கு மறுதேர்வு. தெரியலன்னா எல்லாருக்கும் இன்டர்னல் சைபர்."

சைபர் என்றால் அரியர். அரியர் என்றால் திண்டிவனத்தில் அப்பாவின் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை வியாபாரம். "ஒரு அரியர் வரட்டும், அன்னிக்கே வந்து தராசுல நில்லு" என்று அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். மண்டித் தூசியில் ஜீவகனுக்கு நிமிஷத்துக்கு நாலு தும்மல் வரும்.

சாயங்கால ரயிலில் ஆனந்தராஜிடம் ஆரம்பித்தான்.

"நீ யாரைப் பாத்து எழுதின?"

"சங்கவியை."

எதிர் இருக்கையில் சங்கவி முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். "நான் குரூப்ல வந்த பிடிஎஃப்பைப் பாத்து எழுதினேன்."

"குரூப்ல யாரு போட்டது?"

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"இன்னாடா எங்களைக் கேக்குற?" என்றான் ஆனந்தராஜ். "போட்டதே நீதான?"

உண்மைதான். ரெப் என்ற முறையில் அவன்தான் போட்டான். அவனுக்கு அனுப்பியது இரண்டாமாண்டு நிதிஷ். போன் செய்தான்.

"அந்த மாடா?" என்றான் நிதிஷ். "எங்க நோட்டுலயும் இருந்துச்சு. சீனியர் கொடுத்தாரு."

அந்தச் சீனியர் குயிலாப்பாளையத்தில் பேக்கரி வேலையில் இருந்தார். "எங்களுக்கு முந்தின பேட்ச்லயும் மாடு இருந்துச்சு தம்பி. நான் ஏதோ சூத்திரம்னு நெனைச்சேன்."

அதற்கு முந்தினவர், அதற்கும் முந்தினவர் என்று திண்டிவனம் வருவதற்குள் ஆறு பேட்ச் பின்னால் போய்விட்டான். ஒவ்வொரு பேட்சும் முந்தின பேட்சைக் காட்டியது. தொகுத்தறிதல் என்றால் என்னவென்று ஜீவகனுக்கு அன்றுதான் புரிந்தது. சங்கிலி ஒழுங்காக இருக்கிறது, n = 1 மட்டும் கிடைக்கவில்லை.

ஆறாவது ஆள் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். "நான் காலேஜ் எதிர்ல ஜெராக்ஸ் கடையில வாங்கினேன்."

மறுநாள் காலை ஜெராக்ஸ் கடையில் கூட்டம். கடைக்காரர் பூமாலை, ஜீவகன் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார்.

"இது ரொம்ப வருஷமா ஓடிக்கினு இருக்கு."

"எழுதினது யாருண்ணா?"

"வர்ற தாளையெல்லாம் படிச்சிக்கினு இருந்தா மிஷின் ஓடுமா? ஜல்தி நகரு. பின்னாடி ஆள் நிக்குது பாரு."

வகுப்புக்குள் ஜீவகன் போனபோது முடிவு தயாராக இருந்தது. குரூப்பில் போட்டது அவன்தான், எனவே கணக்கைப் போட்டவனும் அவன்தான் என்று நாற்பத்தோரு பேர் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தார்கள்.

"நீயே போட்டேன்னு சொல்லிடு மச்சான்" என்றான் ஆனந்தராஜ். "நாங்க பொழைச்சிக்குவோம்."

"நான்?"

"உனக்கு இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு. கசக்குதா?"

கசக்கவில்லை. மேடத்திடம் போய்ச் சொன்னான்.

மேடத்தின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவனுக்குப் பயம் வந்தது.

"சொந்தமா போட்டியா? இந்தக் காலத்துல? வெள்ளிக்கிழமை போர்டுல மூணு கணக்கு போடு. மத்தவங்க பாக்கட்டும். அப்பா நம்பர் குடு. நேர்ல வந்து பாக்கட்டும், சந்தோஷப்படுவாரு."

"அப்பா வேணாம் மேடம். மண்டியில வேலை."

"குடுப்பா."

அன்று மாலை அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கூடத்தின் நடுவில் நின்றிருந்தார்.

"உங்க மேடம் போன் பண்ணாங்க."

"ஆமாப்பா."

"வீட்ல எத்தனை மாடு, பையன்தான் பாத்துக்கிறானான்னு கேட்டாங்க."

ஜீவகன் பையைக் கழற்றி வைத்தான்.

"நம்ம வீட்ல ஆட்டுக்குட்டிகூட கிடையாது. காலேஜுக்குப் போறேன்னுட்டு நாலு மணிக்கு எவன் மாட்டைடா மாத்திக் கட்டிக்கினு இருக்கற?"

"அது கணக்குப்பா."

"மாடு கணக்காடா?"

விளக்க முயன்றான். "k-க்கு உண்மைன்னு வச்சிக்கிட்டா…" என்று தொடங்கினான்.

"உண்மைன்னு நீயா வச்சிக்கிட்டா எப்படிடா?" என்றார் அப்பா. "வெள்ளிக்கிழமை நானே வர்றேன். மாட்டுக்காரன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

இனி வேறு வழியில்லை. ஜீவகன் படிக்க வேண்டியதாயிற்று.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ரயிலில் கணங்களைப் போட்டான். A என்பது கணக்கை எழுதியவர்கள், B என்பது புரிந்துகொண்டவர்கள். வெட்டு வெற்றுக்கணம். கலப்பெண்களை மதிய உணவு நேரத்தில் போட்டான்.

"மைனஸ் ஒன்னுக்கு வர்க்கமூலம் இல்லன்னுதான டென்த்ல சொன்னாங்க?" என்றான் ஆனந்தராஜ்.

"இருக்குன்னு வச்சிக்கணும்."

"இல்லாததை இருக்குன்னு வச்சிக்கினா அதுக்குப் பேரு கலப்பெண்ணா? நீ பண்றதே அதானடா."

பதினேழாவது கணக்கை மட்டும் நோட்டில் இருந்தபடியே இருபது முறை எழுதினான். முதல் n ஒற்றை எண்களின் கூடுதல் n². ஆறாவது முறை கை தானாக ஓடியது. பன்னிரண்டாவது முறை கணக்கு புரிந்தது. ஒருவரையும் கேட்காமல் ஒரு கணக்கு புரிந்தது அவனுக்கு அதுவே முதல் தடவை. சங்கவியிடம் சொன்னான். அவள் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா வெள்ளை வேட்டியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்த பையன்களின் கைகளில் மாட்டுக் கயிற்றுத் தழும்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

கணம், சரி. கலப்பெண், சரி. (1+i)² = 2i என்று ஜீவகன் எழுதியபோது மேடம் கை தட்டினார். அப்பாவும் தட்டினார். இந்த இரண்டிலும் மாடு வரவில்லை.

மூன்றாவது தொகுத்தறிதல். n = 1 சரிபார்த்தான். k-க்கு உண்மை எனக் கொண்டான். 2k+1 ஐக் கூட்டினான். (k+1)² வந்தது. சாக்பீஸ் நிற்கவில்லை. இருபது முறை எழுதிய கை அது. போர்டில் பெரிய எழுத்தில் அடுத்த வரியும் வந்துவிட்டது.

நாலு மணிக்கு மாட்டை மாத்திக் கட்டணும்.

"பாத்தீங்களா மேடம்!" அப்பா எழுந்துவிட்டார். "உங்க முன்னாடியே எழுதறான்! மாட்டை விட மாட்டேங்குறான்!"

ஜீவகன் சாக்பீஸைக் கீழே வைத்தான்.

"நான் போடல மேடம். பாத்துதான் எழுதினேன். இப்பதான் நானா போடக் கத்துக்கிட்டேன். முதல்ல போட்டது யாருன்னு சத்தியமா தெரியாது."

நாற்பத்திரண்டு சைபர்கள் காற்றில் தொங்கின.

மேடம் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார்" என்றார் அப்பாவிடம். "நானும் இதே காலேஜ்ல, இதே ரூம்ல படிச்சவதான். இதே பதினேழாவது கணக்கை நாங்களும் போட்டோம். எங்க பேட்ச்ல ஒருத்தர் நோட்டை ஒருத்தர் தொட்டதில்ல. அந்த நேர்மை இப்ப எங்க சார் இருக்கு?"

அப்பா தலையாட்டினார். அவர் பையனைத் தராசில் நிறுத்தும் தேதியை மனதுக்குள் குறித்துவிட்டார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இன்டர்னல் கேள்வித்தாள் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் பூமாலை நின்றிருந்தார். அவர் கட்டை மேசையில் இறக்கினார். போர்டைப் படித்தார். மேடத்தைப் பார்த்தார்.

"அப்பவே சொன்னேனே புனிதா, என் நோட்டைப் பாத்து எழுதறப்போ அந்த மாட்டு வரியை மட்டும் விட்டுட்டு எழுதுன்னு!"