லஞ்ச ஒழிப்பும் எங்கள் வெள்ளாடும்

லஞ்சம் வாங்கும் ஓர் அதிகாரியைக் கையும் களவுமாகப் பிடிக்க அரசாங்கம் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை நேரில் பார்த்தவன் நான். அத்தனை பாட்டையும் ஒரே நிமிடத்தில் கெடுத்தவனும் நானேதான்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன எனக்கு அரசாங்க வேலைக்கு உத்தரவு வந்தது. பதினைந்து நாளுக்குள் சாதிச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். அதற்குப் பரிந்துரை எழுத வேண்டிய கிராம அதிகாரி ஐந்நூறு ரூபாய் கேட்டார். அன்றைக்கு வீட்டில் நான் ஆற்றிய சொற்பொழிவை மேடை போட்டே கேட்டிருக்கலாம். வேலை போனாலும் போகட்டும், ஒரு பைசா கொடுக்க மாட்டேன் என்றேன். (குடிமையியலில் நல்ல மார்க் வாங்கியவன், வேறெப்படிப் பேசுவேன்?) வயல் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்த அய்யா, கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, "வேலை போனா பரவால்லியாலே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே பஸ் ஏறிப் போய் லஞ்ச ஒழிப்புப் போலீசாரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது என்றார்கள். விடவில்லை.

குறித்த நாளில் ரூபாய் நோட்டுகளில் ஒரு வெள்ளைப் பொடியைத் தடவினார்கள். அதைத் தொட்ட கையை ஒரு கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிடும். அதுதான் சாட்சி. அவராகக் கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டும். அவர் வாங்கியதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்க வேண்டும். உடனே உள்ளே வந்துவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் மூன்று தடவை சொல்லித்தந்தார்.

கிராம அதிகாரி வீட்டிலேயே ஆபீஸ் நடத்திவந்தார். என்னைக் கண்டதும் பரிந்துரைக் கடிதத்தை நீட்டினார். நான் நோட்டுகளைப் பாதி வெளியே இழுத்துவிட்டேன்.

"அத உள்ள வையி தம்பி. ஒங்கய்யா நேத்தே வந்து முடிச்சிட்டுப் போயிட்டாரு."

அப்போது புறவாசலில் ஓர் ஆடு கத்தியது. எட்டிப் பார்த்தேன். எங்கள் கருப்பி. நிறைசினை. அது போடும் குட்டிகளை நம்பித்தான் அம்மா தங்கச்சிக்குக் கம்மல் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கயிறு அறுந்துபோகிற மாதிரி இழுத்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். (அழுகிறவன் வேறு என்ன செய்வான்?)

நாலு பேர் பாய்ந்து உள்ளே வந்தார்கள். கிராம அதிகாரியின் கையை முக்கினார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. நான் கையை விட்டதும் ரோஸ் பூத்தது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்த பார்வையில் புகார்தாரர் யார், குற்றவாளி யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நடந்ததைச் சொன்னேன். ஆட்டை லஞ்சமாகக் கொடுத்தேன் என்று அய்யா சொன்னால் போதும், அந்த ஆளை விட மாட்டோம் என்றார்கள். வயலிலிருந்து அய்யாவைக் கூட்டிவந்தார்கள். அவருக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வதாக இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் சொன்னார். அய்யா சேற்றுக் காலோடு நின்று என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பரிந்துரையைப் பார்த்தார்.

"வித்துட்டேன் சார். ரூவா வாங்கிட்டுத்தான் குடுத்தேன்."

அதை எழுதி, கீழே அவர் கைநாட்டை வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து அய்யா சொன்ன ஒரே பொய், அரசாங்கக் காகிதத்தில் ஏறியது.

"இனி எங்கயும் அழுதுராதீங்க தம்பி" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார் இன்ஸ்பெக்டர். சில மாதங்களில் கிராம அதிகாரிக்கு மாற்றல் வந்தது. தண்டனை அவ்வளவுதான். சாமான்களோடு கருப்பியும் இரண்டு குட்டிகளும் லாரி ஏறின.

நான் வேலையில் சேர்ந்தேன். சொந்தக்காரர்களுக்கு நான் இன்றைக்கும் 'ஆட்டாபீசர்'. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாமா இந்தக் கதையை எடுத்துவிடுவார். பந்தியே சிரிக்கும், நானும் சிரிப்பேன். அய்யா மட்டும் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார்.

"பைய பேசும் வே. ஆடு வித்ததுதான்."

எனக்குப் பதவி உயர்வு வந்த பிறகும், அவர் படுக்கையில் விழுந்த பிறகும், ஒருநாள் யாராவது வந்து அந்த வேலையைத் திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்றே பயந்தார். கடைசிவரை என்னிடம்கூட, விற்றதாகத்தான் சொன்னார்.