ஆடம்பரத்துக்கு நான் எழுதிய அர்த்தம்

நீங்களே நியாயம் சொல்லுங்கள், சார். மிக்ஸி என்பது ஆடம்பரமா இல்லையா? எதிர்வீட்டுச் சூடாமணி ஒன்று வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து ராயப்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க 'டர்ர்ர்' என்று ஒரே அலறல். என் மனைவி சுலோச்சனா உடனே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, நமக்கும் ஒண்ணு..."

"ஆடம்பரம்!" என்று கத்தினேன். "அம்மி குத்துக்கல்லு மாதிரி கெடக்கு. மிக்ஸி கேக்குதா மிக்ஸி?"

"ஆடம்பரம்னா என்னங்க?"

அப்பாவி மாதிரி கேட்டாள். ஏமாந்தேன். தேனாம்பேட்டை ஆபீசில் இருபது வருஷமாகச் சுற்றறிக்கை எழுதுகிறவன் நான். சாக்பீஸை எடுத்தேன். சமையலறைக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'உடம்பு நோகாமல் கிடைக்கிற சுகம் எல்லாம் ஆடம்பரம். இந்த வீட்டில் அதற்கு இடமில்லை. இப்படிக்கு, கோதண்டபாணி.'

"நல்லா இருக்குங்க," என்றாள். சண்டைக்கே வரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஈஸிசேரில் சாய்ந்தபடி காபி கேட்டேன். வரவில்லை.

"சுலோ! காபி எங்கே?"

"கதவைப் படிங்க. உக்காந்த இடத்துக்குக் காபி வந்தா அது என்ன?"

"அது... அது வழக்கம்டி!"

"வழக்கத்தைப் பத்தி ஒண்ணும் எழுதலியே நீங்க."

வெந்நீர் இல்லை. துவைத்த சட்டை இல்லை. இட்லிக்குச் சட்னி கேட்டால் அம்மியைக் காட்டினாள்.

"தேங்கா துருவி வச்சிருக்கேன். அரைச்சா சட்னி, அரைக்கலேன்னா தேங்கா."

அநியாயம், சார்! ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. அரைத்தேன். பத்து நாள் அரைத்தேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஆபீசில் பேனா பிடித்தால் கை தானாக முன்னும் பின்னும் போனது. பதினோராம் நாள் கதவை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாண்டி பஜாருக்கு ஓடினேன்.

"இந்தா மிக்ஸி! ஆடம்பரம் இல்லை, அத்தியாவசியம். எழுதித் தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க. வாயால சொன்னதே போதும்."

முகமெல்லாம் சிரிப்பு. ஈஸிசேருக்கே காபி வந்தது. அப்பாடா என்று ஒரு வாய் உறிஞ்சினேன். பின்னாலேயே ஒரு பாத்திரம் நிறைய ஊறவைத்த உளுத்தம்பருப்பும் வந்தது.

"இது எதுக்கு எங்கிட்டே?"

"வடைக்குத்தாங்க. பாவம், பத்து நாளா அம்மியோட மல்லுக்கு நின்னீங்க. இனிமே உங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ஸ்விட்சைப் போட்டா போதும்!"