சிற்றாற்றில் கரைத்த ஹார்ட் டிஸ்க்

இறைவனிடத்தில் அன்பு வைத்தவன் அடக்கமுடையவனாக இருப்பான் என்று உலகம் நம்புகிறது. அவன் உரை எழுதத் தொடங்கும் வரை அது உண்மையே. பதிகங்களுக்கு விளக்கவுரை எழுத அமர்ந்த நாள்முதல் எனக்கு வாய்த்த செருக்கு கொஞ்சமன்று. (எங்கள் வீட்டில் அதற்கு வேறு சொல் உண்டு, அச்சில் ஏற்ற இயலாது.)

அவ்வுரை முழுவதும் தென்காசியில் எங்கள் வீட்டுப் பழங்கணினிக்குள் இருந்தது. நான் பழகிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் புதிய கணினி எதிலும் ஓட மறுத்ததால் அதையே போற்றி வந்தேன். ஆனால் அதன் ஹார்ட் டிஸ்க் எழுப்பும் ஓசை, கல்லை அரைக்கும் கிரைண்டரின் ஓசை. நான் இறைவன் திருப்பெயரைத் தட்டினால் அது ‘கடகட, கர்ர்ர்’ என்று வழிமொழியும். அடுத்த திங்கட்கிழமை உரையை அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும். இறுதித் திருத்தத்தையேனும் அமைதியில் செய்வோம் என்று, அசையும் உறுப்பே இல்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றையும், பழைய பட்டை வயரில் அதைப் பொருத்த ஓர் அடாப்டரையும் வரவழைத்தேன்.

“கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிடுங்களேன்” என்றாள் மனைவி காந்திமதி.

“பதி, பசு, பாசம்னு அவ்வளவையும் வெளக்கி எழுதுனவன் நான். நாலு ஸ்க்ரூவக் கழத்தத் தெரியாதாக்கும்?”

“கழத்துவிய. திரும்ப மாட்டுறதுதான் கேள்வி.”

மாட்டியும் காட்டினேன். திரையில் வரிசையாக நின்ற அத்தியாயங்களை முதலில் பென் டிரைவில் படியெடுத்தேன். பிறகு எஸ்எஸ்டியைப் பொருத்தி, மென்பொருள்களை நிறுவி, படிகளைத் திரையில் இறக்கினேன். அத்தனையும் பெயர் மாறாமல் வந்து நின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சிறு அம்புக்குறி. அது முன்னரும் அங்கே இருந்ததுதான். முப்புரம் எரித்த அம்பே காவல் நிற்பதாக மகிழ்ந்தேனே தவிர, அது எதற்கு என்று எவரையும் கேட்டதில்லை. அறையிலோ கருவறையின் அமைதி.

ஒன்றையாவது திறந்து பார்த்திருக்கலாம். அதனினும் பெரிய கடமை ஒன்று எனக்குத் தோன்றிவிட்டது. இறைவன் திருப்பெயரை இத்தனை ஆண்டு சுமந்த பழைய டிஸ்க்கைக் காயலான் கடையில் போடுவதா? பின்னமான விக்கிரகத்தை ஆற்றில் விடுவதில்லையா? அதற்குத் திருநீறு பூசி, அரளிப்பூ சூட்டி, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு குற்றாலத்துக்குப் பேருந்து ஏறினேன். சாரல் காலம். சிற்றாற்றுப் படித்துறையில் நின்று, ஒரு பதிகம் முழுவதும் பாடி, நீரில் விட்டேன். ஹார்ட் டிஸ்க்குக்கு இறுதிக்கடன் செய்த முதல் மனிதன் நானாகவே இருப்பேன்.

வீடு திரும்பி முதல் அத்தியாயத்தைத் திறந்தேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது கணினி. இரண்டாவதற்கும் அதே விடை. பெங்களூரில் இருக்கும் மகனை அழைத்தேன்.

“அப்பா, அம்பு போட்டதெல்லாம் வெறும் ஷார்ட்கட். வீட்டுக்கு வழி காட்டுற போர்டு மாதிரி. வீட்டை விட்டுட்டுப் போர்டை மட்டும் பேத்து எடுத்துட்டு வந்திருக்கிய. பரவால்ல, பழைய டிஸ்க்கை மாட்டுங்க, எடுத்துரலாம். எங்கன இருக்கு?”

“சிவசாயுச்சியத்துல இருக்கு” என்றேன்.

ஆட்டோ பிடித்து நானும் காந்திமதியும் குற்றாலத்துக்கு விரைந்தோம். வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பளவு நீரில் இறங்கிக் கால்களால் துழாவினேன். கரையில் நின்ற காவலர் விசிலடித்தார்.

“அண்ணாச்சி, மத்தியானம் துணியில சுத்தி என்னத்தையோ போட்டியள்லா? என்னது அது?”

“பதிகவுரைப்பா.”

“உரையா? தொபுக்குன்னுல்லா விழுந்துச்சு!”

“வெயிட்டான உரை” என்றாள் காந்திமதி படியிலிருந்து.

குளிக்க வந்தவர்களும் இரக்கப்பட்டு இறங்கினார்கள். ஒற்றைச் செருப்பு ஒன்றும் சோப்பு டப்பா ஒன்றும் அகப்பட்ட பின்னர், மஞ்சள் முடிச்சும் வந்தது. சாய்த்தேன், உள்ளிருந்து நீர் ஒழுகியது. காந்திமதி அதை வாங்கிக் காதருகே வைத்துப் பார்த்தாள்.

“சத்தம் நின்னுட்டு. இதுக்குத்தான பாடுபட்டிய?”

நான் படியில் அமர்ந்து அழுதுவிட்டேன். அதைக் கண்டதும் அவள் குரல் இறங்கியது. “அழாதிய. பண்பொழி சம்பந்திகிட்ட ஒவ்வொரு அத்தியாயமும் பிரிண்ட் எடுத்துக் குடுத்தியள்லா?”

சம்பந்தி எங்கள் மருமகளின் தந்தை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தியாயம் ஒன்றை உறையிலிட்டுக் கொடுத்தால் மறுவாரமே, “அருமை சம்பந்தி, கண்ணுல தண்ணி வந்துட்டு” என்பார். ஈரவேட்டியோடு பண்பொழி சேர்ந்தோம். நடந்ததைக் கேட்ட சம்பந்தி சற்றுத் தயங்கி பீரோவைத் திறந்தார். அனைத்தும் இருந்தன. கறை இல்லை, கசங்கல் இல்லை. ஒவ்வோர் உறையும் நான் ஒட்டிய பசை விடாமல் அப்படியே இருந்தது.

சம்பந்தி மேலுறையின் தூசியைத் தோள்துண்டால் தட்டினார்.

“அழுக்குக் கை படக் கூடாதுன்னுதான் சம்பந்தி…” என்றார் அவர்.

(கண்ணில் தண்ணீர் எவ்வழி வந்தது என்று நான் கேட்கவில்லை. பெண் எடுத்த இடம்.)

அவ்வுறைகளை முதன்முறையாகப் பிரித்தவன் நானே. அவற்றைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்ததில் அச்சகத்தார் பல திங்கட்கிழமைகள் காத்திருந்தனர். வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை வழங்கியவர் சம்பந்திதான். கேட்டோர் உருகும்படி பேசினார். இன்றும் எங்கள் வீட்டில் நகையை, பத்திரத்தை எங்கே வைப்பது என்று பேச்செழுந்தால், மருமகளே முந்திக்கொள்வாள்:

“எங்கப்பாகிட்டக் குடுத்து வைங்க மாமா. யாரும் தொறந்தே பாக்க மாட்டாவ.”