முந்திக்கொண்ட நன்றியுரை

பணக்காரர்களைப் பார்த்தால் எனக்கு முதலில் வாய் வற்றும்; பிறகு அறிவு. (இருப்பு குறைவு, சீக்கிரமே வற்றிவிடும்.)

மலேசியாவில், டுரியான் துங்கால் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் ரூபன். கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கிப் பெருஞ்செல்வர் ஆனவர். பிறந்த இடத்துக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறார் என்று தெரிந்ததும் கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தோம். எங்களுக்கு வேண்டியது ஒரு வேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவைப் போன்றவர்கள் ரத்தச் சுத்திகரிப்புக்கு மலாக்கா டவுனுக்குப் போய்வர வேண்டும். கார் கிடைக்காத நாளில் அக்கா போகாமலே படுத்துக்கொள்வார்.

அதைக் கேட்கும் பொறுப்பு அறிவிப்பாளனான என்னுடையது.

மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்தது. ரூபன் உலகத்தையே மாற்றுவது பற்றிப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கண்ணே. கேக்கத்தான் வந்தேன்.”

மண்டபமே என்னைப் பார்த்தது. முன்வரிசையில் அக்கா. அறிவு வற்றிவிட்டது. பழகிய நாக்கு தானாக ஓடியது: “இத்துடன் விழா இனிதே நிறைவடைகிறது. அனைவருக்கும் நன்றி. உணவு தயார்.”

எங்கள் ஊரில் நன்றியுரை சொன்ன பிறகு கூட்டத்தைச் சாமியாலும் உட்காரவைக்க முடியாது. நாற்காலிகள் இரைந்தன. ரூபன் கைகூப்பிக் காரில் ஏறிவிட்டார்.

பிறகு எழுதிக் கேட்டோம். அவருடைய அலுவலகம் ஒரு செயலியை அனுப்பியது. நோயாளிகளே வண்டியை அழைத்துக்கொள்ளலாம். அழைத்தோம். தோட்டத்துச் செம்மண் பாதைக்கு எந்த வண்டிக்காரரும் வரவில்லை. ரூபன் நல்லவர்தான், இன்றும் சொல்வேன். ஆனால் ஒருத்தியின் உயிர் அவருடைய நல்ல மனசையும் என் நாக்கையும் நம்பியா கிடக்க வேண்டும்?

சுத்திகரிப்பு தவறி ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பக்கத்தில் அவர் மகள் தேவி. அக்கா சிரித்தார்.

“பரவால்ல லா தம்பி. சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு.”

தீபாவளிக்கு முன்பே போய்விட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் யார் எதைக் கேட்கத் தயங்கினாலும், “சீக்கிரம் கேளு, அப்பா நன்றியுரை சொல்லிடுவாரு” என்பார்கள் பிள்ளைகள். தேவி வந்திருந்தால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

போன தைப்பூசத்துக்கு வந்தவள், இரண்டாவது வடை கேட்கத் தயங்கிய என் மகனிடம் அந்த நன்றியுரை வசனத்தை அவளே சொன்னாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.