மேலாளர் சிகரம் தொட்ட விதம்

மலை ஏறியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். கால் இருக்கிறது, மலை இருக்கிறது, ஏறிவிடுகிறார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஆனால் ஒரு மலையை முறைப்படி, குழு அமைத்து, தீர்மானம் போட்டு, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் வென்றவர்கள் மனித குலத்திலேயே எங்கள் அலுவலகத்தார் மட்டும்தான். மலையேற்றத் திட்டக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

எங்களுடையது நாற்காலி செய்யும் நிறுவனம். உட்காருவதில் எங்களுக்கு இருக்கும் அனுபவம் சாதாரணமானதல்ல. பொது மேலாளருக்குத் தலை சாய்த்துக்கொள்ள மெத்தை வைத்த நாற்காலி. துணை மேலாளருக்குக் கை வைத்த நாற்காலி. பிரிவுத் தலைவருக்குக் கை கிடையாது, சக்கரம் உண்டு. எனக்குக் கையும் இல்லை, சக்கரமும் இல்லை, நான்கு கால்கள் மட்டும். தபால் பிரிவு அக்காவுக்கு, தரச் சோதனையில் தோற்றுப்போன ஒரு முக்காலி. ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே அவருக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

தபால் அறை கட்டடத்தின் பின்புறம், நான்காவது மாடியில். அலுவலகத்திலேயே மலை தெரிகிற ஜன்னல் அது ஒன்றுதான். அக்கா ஒரு உறையில் முத்திரை குத்துவார், மலையைப் பார்ப்பார், அடுத்த உறையை எடுப்பார். ஒருநாள் என்னிடம் வந்து நாலு நாள் லீவு கேட்டார்.

"அடுத்த மாசம் என்னைக் கடலோரக் கிளைக்கு மாத்துறாங்க தம்பி. அங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணிதான். இத்தனை வருஷமா இந்த மலை என்னைப் பாத்துக்கிட்டே இருக்கு. ஒரு வழிகாட்டியைக் கூட்டிக்கிட்டு ஒரே ஒரு தடவை மேல போய்ட்டு வந்துடறேன். பனி விழ ஆரம்பிச்சா பாதையை மூடிடுவாங்க."

இந்த இடத்தில் எங்கள் அலுவலகத்தின் "முறையான வழி"யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களிடம் எந்தச் சொல்லும் நேராக மேலே போகாது. ஒவ்வொருவரும் தனக்கு அடுத்த நாற்காலியிடம் சொல்ல வேண்டும். அவர் அதைக் கொஞ்சம் மெருகேற்றித் தனக்கு அடுத்த நாற்காலியிடம் சொல்வார். அக்கா சொன்னது, "எனக்கு மலைக்குப் போக லீவு வேணும்." நான் பிரிவுத் தலைவரிடம், "தபால் பிரிவு மலைக்குப் போக விரும்புகிறது" என்றேன். அவர் துணை மேலாளரிடம், "ஊழியர்கள் மலைக்குப் போக விரும்புகிறார்கள்" என்றார். துணை மேலாளர் உள்ளே போய், "சார், தங்கள் தலைமையில் மலை ஏறணும்னு மொத்த அலுவலகமும் துடிக்குது" என்றார்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "இவ்வளவு பாசமா! உடனே குழு அமைங்க."

அக்காவின் லீவு நிறுத்திவைக்கப்பட்டது. எல்லோருமே போகும்போது தனியாக எதற்கு லீவு?

குழு கூடியது. பயணத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் முதல் கூட்டம் போயிற்று. உச்சியில் மேலாளர் உட்கார எந்த நாற்காலியை எடுத்துப்போவது என்பதில் அடுத்த கூட்டம். மலையில் சக்கரம் ஆபத்து என்று பிரிவுத் தலைவர் துணிச்சலாக ஒரு கருத்தைச் சொல்லி, அது சக்கரம் வைத்த தன் நாற்காலிக்கே பழியாகிவிடுமோ என்று பயந்து, அவரே அதைத் திரும்பப் பெற்றார். மூன்றாவது கூட்டம் நடக்கவில்லை. அன்று லிஃப்ட் பழுது. மலை ஏறுவதற்கான கூட்டத்துக்கு நான்கு மாடி ஏறி வரும்படி யாரையும் வற்புறுத்த முடியாது என்று குழு கருதியது.

நானும் சும்மா இருக்கவில்லை. மலைக்கென்று கனமான பூட்ஸ் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகினேன். "மலைக்குப் போற காலு தெருமுனைக்குப் போய் பால் வாங்கிட்டு வராதா?" என்றாள் மனைவி. தொலைநோக்கு இல்லாதவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

ஒருவழியாக வழிகாட்டியை வரவழைத்தோம். ஒல்லியான மனிதர். வெயிலில் கறுத்த முகம். அவரை எந்த வகை நாற்காலியில் உட்காரவைப்பது என்று தெரியாமல் நாங்கள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோதே அவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் நிறுவனத்தின் அடித்தளமே ஆடியது.

"சுமை கம்மியா இருக்கணும். கம்பளி வேணும், தண்ணி வேணும். அவ்வளவுதான்" என்றார். "நாற்காலி எதுக்கு? மேல பாறை இருக்கு."

மேலாளர் புன்னகைத்தார். பாறைக்குச் சாயும் வசதி இல்லை என்பது அந்த அப்பாவிக்குத் தெரியவில்லை.

"அப்புறம், நான் முன்னால போவேன். நான் கால் வச்ச இடத்துல நீங்க கால் வச்சு வாங்க."

எங்கள் அலுவலகத்தில் யாரும் மேலாளருக்கு முன்னால் நடந்ததில்லை. ஒருமுறை தீ விபத்து ஒத்திகையின்போது மேலாளர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததால், நாங்கள் அனைவரும் புகைக்குள்ளேயே வரிசையாகக் காத்திருந்தோம்.

துணை மேலாளர் தொண்டையைச் செருமினார். "நீங்க பின்னால வாங்க."

"வழி காட்டுறவன் பின்னால வந்தா வழியை எப்படிங்க காட்டுறது?"

"சொல்லி அனுப்புங்க. முறையான வழியில் மேலே வந்து சேர்ந்துடும்."

"திடீர்னு முன்னால பள்ளம் வந்தா?"

"பள்ளம்னு உங்களுக்கு முன்னால இருக்கறவர்கிட்ட சொல்லுங்க. அவர் அவருக்கு முன்னால இருக்கறவர்கிட்ட சொல்வார்."

"அதுக்குள்ள சார் உள்ள போயிருப்பாரே?"

"போனா, அடுத்தவருக்குப் பதவி உயர்வு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். துணை மேலாளர் அதை ரசித்ததாகத் தோன்றியது.

இந்த ஏற்பாட்டை நிரூபித்துக் காட்ட, மொட்டை மாடிப் படிகளில் ஒத்திகை நடந்தது. முன்னால் மேலாளர், கழுத்தில் மாலை. அவருக்குப் பின்னால் துணை மேலாளர், பிரிவுத் தலைவர், பூட்ஸோடு நான், எனக்குப் பின்னால் அக்கா. கடைசியில் வழிகாட்டி. மொட்டை மாடி வாசலில் நிலை மிகவும் தாழ்வு. அதைக் கீழே இருந்தே பார்த்துவிட்ட வழிகாட்டி, "நிலை இடிக்கும், குனியச் சொல்லுங்க!" என்றார்.

அக்கா என்னிடம், "குனியணுமாம், சீக்கிரம் சொல்லு தம்பி" என்றார்.

நான் பிரிவுத் தலைவரிடம், "தலை தாழ்த்த வேண்டியிருக்கிறது" என்றேன்.

அவர் துணை மேலாளரிடம், "எல்லாரும் தலை தாழ்த்துறோம்" என்றார்.

துணை மேலாளர் உரக்க, "சார்! நாங்க எல்லாரும் தங்களுக்குத் தலை வணங்கறோம்!" என்றார்.

மேலாளருக்கு மேனி சிலிர்த்தது. நெஞ்சை நிமிர்த்தி, தலையை ஒரு சாண் உயர்த்தி, கம்பீரமாக அடுத்த படியில் கால் வைத்தார்.

டங்கென்று ஒரு சத்தம். கட்டடத்துக்குச் சேதமில்லை. மேலாளரின் நெற்றியில் எழும்பிய புடைப்பு "மலையேற்றத்தின் முதல் வீரத் தழும்பு" என்று அன்று மாலையே தீர்மானிக்கப்பட்டது. ஒத்திகை முழு வெற்றி என்று கைதட்டினோம். வழிகாட்டி மட்டும் கைதட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே அக்காவிடம், "பாதை இன்னும் கொஞ்ச நாள்தாங்க திறந்திருக்கும். வர்றதுன்னா நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா, முறையான வழி எதுவும் பார்க்காமல், மேலாளர் அறைக்குள் நேராகப் போய் நின்றுவிட்டார்.

"சார், தேதி எப்ப சார்?"

"பொறும்மா. பேனர் வரட்டும்."

பேனர் வந்தது. கெட்டியான, பளபளப்பான, தண்ணீர் புகாத பேனர். முழுக்க மேலாளரின் முகம். மலையும் இருந்தது. அவர் காதுக்குப் பின்னால் சின்னதாக, ஒரு பரு அளவுக்கு. இதை முன்கூட்டியே வழிகாட்டிக்கு அனுப்பிவைத்து, நாங்கள் போய்ச் சேரும்போது உச்சியில் விரித்து வரவேற்பது என்று திட்டம். மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு அவரிடமே ஒப்படைத்தார்.

"இது பத்திரமா போய்ச் சேரணும்மா. அடிவாரம் வரைக்கும் இல்ல, உச்சி வரைக்கும். உங்க பொறுப்பு."

"உச்சி வரைக்குமா சார்?" அக்காவின் முகத்தில் ஏதோ ஒளி வந்தது. "சேத்துடறேன் சார்."

மறுநாள் காலையில் நான் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அக்கா எதிரே படியில் இறங்கி வந்தார். முதுகில் ஒரு பை, கக்கத்தில் சுருட்டிய பேனர்.

"தபால் கொண்டு போறேன் தம்பி. உச்சி வரைக்கும்னு அவரே சொல்லிட்டாரு. பூட்ஸ்தான் வாங்கிட்டியே, நீயும் வாயேன்."

"இன்னிக்குக் கூட்டம் இருக்கே அக்கா. முக்கியமான கூட்டம்."

"என்ன கூட்டம்?"

"பயணத் தேதியை விரைந்து முடிவு செய்வது எப்படின்னு..."

அக்கா சிரித்துவிட்டுப் போனார். என் கால் தானாக அவர் பின்னால் நாலு அடி வைத்தது. பூட்ஸ் போட்டுப் பழகிய கோளாறு என்று முடிவுசெய்து லிஃப்டில் ஏறினேன்.

அக்கா திரும்பி வந்த நாளில் மலையில் பனி விழுந்து பாதையை மூடிவிட்டார்கள். கொஞ்சம் முன்னால்தான் நாங்கள் பயணத் தேதியை ஒருமனதாக முடிவு செய்திருந்தோம். மூக்கு தோலுரிந்து, உதடு வெடித்து, ஆனால் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு அக்கா தன் போனை மேசையில் வைத்தார். நாங்கள் குனிந்து பார்த்தோம்.

உச்சி. சுற்றிலும் மேகம். எங்கள் ஜன்னலில் தெரிகிற மலையா இது என்று சந்தேகம் வரும்படியான வானம். நடுவில் எங்கள் பேனர் விரித்துக் கிடக்கிறது. அதன் மேல், சரியாக மேலாளரின் மூக்கில், அக்கா உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார்.

எனக்கு ஒரு கணம் எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. சந்தோஷத்தில்தான். ஆனால் செயலாளர் அப்படியெல்லாம் கத்தக் கூடாது.

மேலாளரின் புடைப்பு சிவந்தது. துணை மேலாளர் மட்டும் நிதானம் இழக்கவில்லை. படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மெதுவாகக் கைகூப்பினார்.

"வாழ்த்துகள் சார். தாங்கள் உச்சியை அடைஞ்சுட்டீங்க!"

"நானா?"

"தங்கள் திருமுகம் அங்க இருக்கே சார். தாங்கள் போன இடத்துக்குப் பின்னாலயே நாங்க எல்லாரும் வர்றதுதானே நம்ம முறை? அப்ப நாங்களும் ஏறியாச்சு!"

ஆனந்தம் தாங்காமல் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். அங்கேயே எல்லோருக்கும் பதக்கம் தீர்மானமாயிற்று. மலையேற்றம் கடினமானது என்கிறார்கள். எனக்கு மூச்சு வாங்கக்கூட இல்லை.

பதக்கம் கிடைக்காதவர் அக்கா ஒருவர்தான். மேலாளருக்கு முன்னால் போனது மட்டுமல்ல, மேலாளருக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். விளக்கம் கேட்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தபால் அறைக்குப் போனேன். அக்கா முக்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா அவர் மேல போய் உட்கார்ந்தீங்க?"

"கீழ ஒரே ஈரம் தம்பி. அது ஈரத்தை நல்லா தாங்குச்சு. ராத்திரி கூடாரத்துக்குள்ளயும் வழிகாட்டியும் கூட வந்தவங்களும் நானும் அதையேதான் விரிச்சுப் படுத்தோம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "இந்த ஆஃபீஸ்லேர்ந்து மேல வந்து நாலு பேருக்கு உபயோகப்பட்டது அது ஒண்ணுதான். அப்படியே போய்ச் சொல்லு."

அப்படியே சொல்ல நான் என்ன பைத்தியமா? முறையான வழியில் அனுப்பினேன். "பேனர் மிகவும் தாங்கியது" என்று என்னிடமிருந்து புறப்பட்ட பதில், "மேலாளர்தான் தாங்கினார்" என்று பிரிவுத் தலைவரிடம் வளர்ந்து, "தங்கள் ஆதரவு மட்டும் இல்லாட்டி உச்சியில உக்காந்திருக்கவே முடியாதுன்னு கண்ணீர் விடறாங்க சார்" என்று துணை மேலாளர் வாயில் கனிந்து உள்ளே போனது. மேலாளர் மனமிரங்கி அக்காவை மன்னித்தார். அந்த வாரமே அக்கா கடலோரக் கிளைக்குப் போய்விட்டார்.

உச்சியைத் தொட்ட அந்தப் பேனரைத் துடைத்து, உரிய மரியாதையோடு மாட்ட ஓர் இடம் தேடினோம். மலையோடு சம்பந்தப்பட்ட இடமாக இருக்க வேண்டும் என்று குழு விரும்பியது. தபால் அறை ஜன்னலின் மேல் அளவெடுத்தாற்போல் பொருந்திவிட்டது. மூக்கில் மட்டும் ஒரு கசங்கல் போகவில்லை.

தபால் அறையில் இப்போது பகலிலும் விளக்கு எரிகிறது. இங்கிருந்து மலை தெரியும் என்றார்களே, எங்கே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். மேலாளரின் காதுக்குப் பின்னால் பாருங்கள் என்று பதக்கம் அணிந்த நான் காட்டுகிறேன். எட்டிப் பார்க்க வேண்டுமானால் பேனரின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினால் போதும். அப்படித் தூக்கக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் விதி ஏதும் இல்லை. இதுவரை அப்படி ஒரு விதிக்குத் தேவையே ஏற்படவில்லை.